செங்கல் சூளை முன்பணம்: கட்டித்தான் ஆளை மீட்க வேண்டுமா?

கேள்வி: என் அக்காவும் மாமாவும் ரூ.40,000 முன்பணம் வாங்கிக்கொண்டு, திருவள்ளூர் பக்கம் ஒரு சூளையில் இரண்டு வருஷமாகக் கல் அறுக்கிறார்கள். பெரியப்பா சாவுக்குக்கூட இருவரையும் சேர்த்து அனுப்பவில்லை. இன்னும் ரூ.65,000 பாக்கி என்கிறார் முதலாளி. கடன் வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், பிரிவு 6-இன்படி அந்தக் கடன் ஒழிந்துவிட்டது. பிரிவு 9-இன்படி அதை வசூலிப்பதே குற்றம். 3 ஆண்டு வரை சிறை. முன்பணத்தோடு, வெளியே போக முடியாமை, வேறு வேலைக்குப் போக முடியாமை, பெயருக்குக் கூலி என இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அது கொத்தடிமைதான். "கேட் திறந்துதானே கிடக்கு" என்பார்கள். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவரைப் பிடித்து வைக்கிறார்களே, அதுதான் பூட்டு. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான் (பிரிவு 15).

மனு ஆட்சியருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் (வருவாய்க் கோட்டாட்சியர்). உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அல்ல, சூளை இருக்கும் கோட்டத்தின் ஆர்.டி.ஓ. "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் கூலித் தகராறாக முடித்துவிடுவார்கள். அழைத்துப் போன மேஸ்திரி யார், முன்பணம் வாங்கிய மாதம், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, வாரச் செலவுக்குக் கையில் எவ்வளவு, சாவுக்கு விடாத தேதி, ஆதாரும் ரேஷன் கார்டும் யாரிடம் என்று எழுதுங்கள். மனு கொடுத்தது மேஸ்திரி காதுக்குப் போகக்கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அதிகாரி வந்த பிறகு. முதலாளியோடு பேசி, ஆட்களை வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பார்க்க நல்லதாகத் தெரியும். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் அடுத்த மாதமே மேஸ்திரி வீட்டு வாசலில் நிற்பான். வாக்குமூலத்தை முதலாளி இல்லாத இடத்தில், அக்காவிடமும் மாமாவிடமும் தனித்தனியாக வாங்கச் சொல்லுங்கள். சான்றிதழும் ஆளுக்கொன்றாகக் கேளுங்கள். மறுவாழ்வுத் தொகை ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல: உடனடி உதவி ரூ.30,000 வரை, மொத்தத்தில் ஆணுக்கு ரூ.1 லட்சம், பெண்ணுக்கு ரூ.2 லட்சம். பெரிய தொகை வழக்கு முடிந்தபின்தான் வரும்.

பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்) (கொத்தடிமை வேலை வாங்குவது) முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிடுவது சகஜம். ஏமாற்றி அழைத்துப் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய குற்றவியல் சட்டம்) பிரிவு 143-உம் வரும், அது ஆள் கடத்தல் குற்றம். வக்கீலுக்குச் செலவு வேண்டாம்: 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி. இத்தகைய வழக்குகளுக்கு வருமான வரம்பு கிடையாது.