சைக்கிள் பயணம்: பையில் எது, கடையில் எது?

கேள்வி: ஜனவரியில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கன்னியாகுமரிக்குப் பத்து நாள் சைக்கிள் பயணம் போகிறேன். 700×32 டயர், பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு, எட்டு கியர் ஹைபிரிட் வண்டி. உபரி பாகங்கள் எவ்வளவு வேண்டும்? – வாசகர், தாம்பரம்

பதில்: வழியில் கிடைக்காததை மட்டும் எடுங்கள். சோப்பும் பிஸ்கட்டும் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் உண்டு. உங்கள் டியூப் கிடையாது. சிற்றூர் சைக்கிள் கடைகளில் பெரும்பாலும் 28×1½ அளவுதான் இருக்கும். அந்த டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., உங்களுடையது 622. டயர் பொருந்தவே பொருந்தாது. டியூபை எப்படியாவது திணிக்கலாம் என்றாலும், ரிம்மில் பிரெஸ்டாவுக்குப் போட்ட மெல்லிய துளையில் கடை டியூபின் தடித்த வால்வு நுழையாது. ஆகவே மூன்று டியூப், கைப்பம்பு, பிரெஸ்டா வால்வில் கடைப் பம்பைப் பொருத்த உதவும் பித்தளை அடாப்டர் ஒன்று. அடாப்டர் இருந்தால் எந்த பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம்.

அடுத்தது பின் கியரைத் தாங்கும் ஹேங்கர். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு வடிவம் என்பதால் பெரிய ஊரில்கூடக் கிடைப்பது சந்தேகம். கையளவுத் துண்டுதான், கட்டாயம் வையுங்கள். பின்சக்கர போக்ஸ் கம்பியில் இடம், வலம் இரண்டு நீளத்திலும் மும்மூன்று, எட்டு கியர் செயினுக்கான இணைப்புக் கண்ணி இரண்டு, செயின் கட்டர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, ஒரு ஜோடி பிரேக் கட்டை. கேரியரின் 5 மி.மீ. போல்ட்டில் நான்கு உபரி. அதிர்வில் கழன்று விழுவது அதுதான், தினமும் மாலையில் முடுக்கிப் பாருங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், சின்னக் குப்பியில் 50 மி.லி. எண்ணெய் போதும்.

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் போனபோது ஒரே நாளில் நான்கு பஞ்சர். புது டியூப் மாட்டியும் காற்று இறங்கியது. ஏன்? – வாசகர், காரைக்குடி

பதில்: சீமைக்கருவேல முள். அது டயருக்குள் ஒடிந்து நுனி மட்டும் தங்கிவிடும், வெளியில் தெரியாது. புது டியூபையும் அதே நுனிதான் குத்தியிருக்கும். டயரைக் கழற்றியதும் பழைய பனியன் துணியால் உட்புறத்தைச் சுற்றிலும் துடையுங்கள். நுனி துணியில் சிக்கும். அதைப் பிடுங்கச் சின்ன இடுக்கி வேண்டும், விரல் நகம் போதாது. பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் சில வாரத்தில் காய்ந்துவிடும், திறக்காததை எடுங்கள். உபரி டியூபை ஸ்பேனரோடு ஒரே பையில் போடாதீர்கள். உரசி உரசியே ஓட்டையாகும். பவுடர் தூவிப் பழைய காலுறைக்குள் வையுங்கள்.

கேள்வி: சுமை ஏற்றினால் வண்டி வாலாட்டுகிறது. எப்படி அடுக்குவது? – வாசகர், கடலூர்

பதில்: கேரியர் மேல்தட்டில் கனம் இருக்கும், அல்லது பை அச்சுக்குப் பின்னால் தள்ளியிருக்கும். கருவிகள், பூட்டு, சார்ஜர் எல்லாம் பக்கப்பைகளின் அடியில், துணி மேலே. இரு பைகளையும் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள், அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. குதிகால் இடித்தால் மட்டும் பையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தலாம். தண்ணீர் நீங்கலாக மொத்தம் 12 கிலோவுக்குள் நிறுத்துங்கள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு வேண்டாம், கழன்றால் நேரே போக்ஸ் கம்பிக்குள் போகும். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்துக் கட்டும் நம்மூர் வழக்கத்துக்கு ஈடில்லை.

கேள்வி: இதே சாலையில் போக டெண்ட் தேவையா? – வாசகர், திருச்சி

பதில்: தேவையில்லை. சிதம்பரம், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று லாட்ஜ் உள்ள ஊர்களாகவே வரும். இரண்டு மூன்று கிலோ மிச்சம். தைப்பூசத்தை ஒட்டிப் போனால் மட்டும் திருச்செந்தூரில் அறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.