மாயன் கோயில்களும் கரீபியன் கடற்கரையும்: மலேரியா மாத்திரையை விடப் பகல் கொசுவைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 33 வயது, மனைவிக்கு 30. ஜூலையில் 18 நாள், ஆளுக்கொரு முதுகுப்பையோடு மெக்சிகோவின் கான்கூன், துலும், சிச்சேன் இட்சா, பிறகு பெலீஸ் தீவுகள், கடைசியில் குவாத்தமாலாவின் டிக்கால் என்று சுற்றப்போகிறோம். விடுதிகள் எல்லாம் எளிய விடுதிகள்தான். திரும்பி வந்ததும் குழந்தைக்கு முயலலாம் என்றிருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு எனக்கு டெங்கு வந்தது. மலேரியா மாத்திரை போட வேண்டுமா? என்னென்ன தடுப்பூசி, மருந்து தேவை?

பதில்: நீங்கள் மலேரியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது, குழந்தை பற்றிய வரிதான். நீங்கள் போகும் மூன்று நாடுகளிலும், கொசுவால் வரும் ஜிகா வைரஸ் பரவியிருக்கிறது. 2016-ல் இருந்த வேகம் இப்போது இல்லை என்றாலும், கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் கிருமி அது. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆணின் விந்துவில் அது நீண்ட நாள் தங்கி, உடலுறவு மூலமாகவும் பரவும். அதனால் பெண் மட்டும் போய்வந்தால் 2 மாதம், ஆணும் போயிருந்தால் 3 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஜூலை இறுதியில் திரும்பினால் அக்டோபர் இறுதி வரை ஆணுறை அவசியம், பயணத்தின் போதும்தான். 'ரத்தப் பரிசோதனை செய்து சீக்கிரம் முயலலாமே' என்று நினைக்காதீர்கள். அறிகுறி இல்லாதவருக்கு அந்தப் பரிசோதனை உறுதியான விடை தராது. கிளம்பும் முன் மனைவி ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கர்ப்பம் உறுதியானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இந்தக் காத்திருப்பை நல்லபடி பயன்படுத்தலாம். மனைவிக்கு ருபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்.எம்.ஆர். ஊசியை (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்குமானது) பயணத்துக்கு முன்பே போட்டுவிடலாம். அதற்குப் பின் ஒரு மாதம் கர்ப்பம் கூடாது என்ற விதி இந்த 3 மாதத்துக்குள் அடங்கிவிடும். 2025-ல் மெக்சிகோவில் தட்டம்மை பரவியதால் இருவருக்குமே அது பயன்படும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும், செப்டம்பரில் தொடங்கினால் போதும்.

அடுத்தது டெங்கு. ஜூலை அங்கே மழைக்காலம். ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை டெங்கு தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ஜிகா, டெங்கு, சிக்குன்குனியா மூன்றையும் பரப்புவது நம் ஊரிலும் உள்ள ஏடிஸ் கொசுதான். பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். இரவு வலைக்குள் படுத்தால் மட்டும் தப்ப முடியாது. இங்கே கிடைக்கும் வழக்கமான கொசுக்கிரீம் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி உள்ள திரவத்தை வாங்குங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் கொசு மருந்து. வரிசை மாறக் கூடாது. செனோட்டே என்னும் சுண்ணாம்புப்பாறைக் கிணறுகளில் இறங்கும் முன் இரண்டையும் கழுவச் சொல்வார்கள். அங்குதான் பலர் கடி வாங்குகிறார்கள். முழுக்கைச் சட்டை கைவசம் இருக்கட்டும், ஏறியதும் மீண்டும் தடவுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். புருஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் தொடவே கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அன்றே மருத்துவமனை.

இனி உங்கள் கேள்வி. கான்கூன், துலும், சிச்சேன் இட்சா பகுதிக்கு மலேரியா மாத்திரை வேண்டாம். பெலீஸை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்துவிட்டது. டிக்கால் இருக்கும் பேட்டேன் காட்டில் அபாயம் குறைவு. ஓரிரு இரவுக்கு வலையும் டீட்டும் போதும். காட்டில் கூடாரமடித்துப் பல நாள் தங்குவதாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், குளோரோகுயின் பற்றி முடிவு செய்யலாம்.

டைஃபாய்டு ஊசியைக் குறைந்தது இரண்டு வாரம் முன் போடுங்கள். கடைசியாகப் போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் டெட்டனஸ் ஊசியும். ஹெபடைடிஸ் ஏ எதிர்ப்பு நம் ஊரில் வளர்ந்த பலருக்கு ஏற்கெனவே இருக்கும், ரத்தத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி இந்த வழிக்குத் தேவையில்லை. ஆனால் பனாமா, கொலம்பியா என்று பயணத்தை நீட்டினால், சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பும்போது தனிமைப்படுத்தக்கூடும்.

'நம் ஊர்த் தண்ணீர் குடித்த வயிறு, எதுவும் ஆகாது' என்று நம்ப வேண்டாம். அங்குள்ள கிருமிகள் நம் குடலுக்குப் புதியவை. குழாய்த் தண்ணீரில் பல் தேய்க்கவும் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் 6 எடுத்துப் போங்கள். வாங்கும்போது அளவைப் படியுங்கள்: 21 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு, 4 கிராம் சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து தாகமும் வயிற்றுப்போக்கும் கூடும். பேருந்துப் பயணத்தில் வயிற்றுப்போக்கை அடக்க லோபரமைடு 2 மி.கி. கைகொடுக்கும்: முதலில் 2 மாத்திரை, பிறகு ஒவ்வொரு முறை போனபின்னும் 1, நாளுக்கு 4 மாத்திரைக்கு மேல் வேண்டாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைப் போடாமல், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி. தினம் ஒன்று, 3 நாள். சீட்டை உங்கள் மருத்துவரிடம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பெலீஸில் பாரகுடா போன்ற பெரிய பவளப்பாறை மீன்களைத் தவிருங்கள். அதிலுள்ள சிகுவாட்டெரா நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டபின் வாய் மரத்து, குளிர்ந்த நீர் சுடுவது போலிருந்தால் அதுதான் காரணம்.

இடிபாடுகளைச் சுற்றிய காட்டில் செச்செம் என்ற மரம் உண்டு. தண்டில் கறுப்புக் கறை வழிந்திருக்கும். சேங்கொட்டை, முந்திரி, மா இவற்றின் குடும்பம். பால் பட்டால் ஓரிரு நாளில் தோல் கொப்பளிக்கும். மாம்பாலோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பட்டு முன்பே புண் வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மழையில் அதன் அடியில் ஒதுங்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நாய்கள் திரியும் மணலில் செருப்பில்லாமல் நடந்தால், நாயின் கொக்கிப்புழு தோலுக்குள் புகுந்து, அரிப்போடு வளைந்து நகரும் கோடாகத் தெரியும். அதற்கு மாத்திரை உண்டு, பயம் வேண்டாம். நாயோ வௌவாலோ கடித்தால் 15 நிமிடம் சோப்பு நீரில் கழுவி, ரேபிஸ் ஊசியை அங்கேயே தொடங்குங்கள், ஊர் திரும்பும் வரை காத்திருக்காதீர்கள். பெலீஸில் ஸ்கூபா இறங்கினால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விடுங்கள்.

திரும்பியபின் காய்ச்சல் வந்தால், போன ஊர்களின் பெயரை மருத்துவரிடம் சொல்லி டெங்கு, மலேரியா இரண்டுக்கும் ரத்தம் பாருங்கள். காதிலோ முகத்திலோ வாரக்கணக்கில் ஆறாத புண் வந்தால், அது மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியாவாக இருக்கலாம். வௌவால் குகைக்குள் போய்வந்து இருமல் நீடித்தால் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே தெரியலாம். ஆகவே காசநோய் மருந்து தொடங்கும் முன், குகைக்குப் போனதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.