விண்ணப்பம் நிரப்ப 40 நிமிடமா? அறிக்கையை நம்புமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் கல்லூரித் தளத்தில் சேர்க்கை விண்ணப்பம் நிரப்பச் சராசரியாக 40 நிமிடம் ஆகிறது, படிவத்தையே மாற்ற வேண்டும் என்கிறது ஏஜென்சி. அலுவலகத்தில் எங்கள் எதிரே நிரப்பும் மாணவர்கள் 10 நிமிடத்தில் முடிக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்குப் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து பேர் 8, 9, 10, 11, 162 நிமிடம் எடுத்தால் சராசரி 40 வந்துவிடும். அந்த 162, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவராக இருக்கலாம். நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள்: 10. எக்செலில் மீடியன் என்ற ஃபார்முலா இதைத்தான் தரும்.

நேரத்தை எப்படி அளந்தார்கள் என்றும் கேளுங்கள். படிவத்தில் நிரப்ப வேண்டிய முதல் பெட்டியைத் தொட்டதும் நேரம் ஓடத் தொடங்க வேண்டும்; பக்கம் திறந்ததிலிருந்து எண்ணக் கூடாது. சர்வர் விண்ணப்பத்தை ஏற்ற நொடியில்தான் நிற்க வேண்டும். பிழை காட்டித் திருப்பியனுப்பிய நேரமும் இதில் சேரும், மாணவர் அல்லாடுவதே அங்கேதான். தொடக்கத்தை மாணவரின் போன் கடிகாரத்திலும் முடிவை சர்வர் கடிகாரத்திலும் எடுத்துக் கழித்தால், போன் முந்தி ஓடும்போது மைனஸ் நிமிடம்கூட வரும். தொட்டதும் சர்வருக்கு ஒரு சிறு செய்தி போகட்டும், இரண்டு நேரத்தையும் சர்வரே குறிக்கட்டும். பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வேறு டேபுக்கோ ஆப்புக்கோ போன நேரத்தை பிரவுசரே சொல்லும். "அதைக் கழித்துவிட்டோம்" என்று ஏஜென்சி பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். ஓடிபி பார்க்க எஸ்எம்எஸ்ஸைத் திறப்பது, மதிப்பெண் பட்டியலை கேமராவில் எடுப்பது, புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்க ஆப் தேடுவது என எல்லாமே போனில் "பக்கத்தை விட்டுப் போனார்" என்றுதான் பதிவாகும். அந்த அலைச்சல் உங்கள் படிவம் வைத்த வேலை. அதைக் கழித்தால் உண்மையான சிக்கலே கணக்கிலிருந்து காணாமல் போகும். எனவே அந்த நேரத்தைக் கழிக்காமல், அட்டவணையில் தனி நெடுவரிசையில் (காலம்) குறிக்கச் சொல்லுங்கள். படத்தை அப்படியே வாங்கி சர்வரில் சுருக்குவது சில வரி நிரல்தான். அதைச் செய்யாமல் இன்னமும் 50 கேபி கேட்டுப் பிள்ளைகளை நெட் சென்டருக்கு விரட்டுகிறார்கள்!

மாணவர் திரையில் செய்வதையெல்லாம் பதிவு செய்யும் திரைப் பதிவுக் கருவி போட்டால்தான் நேரம் தெரியும் என்று மாதச் சந்தா விற்க வருவார்கள். நிரப்பும் விவரங்களைச் சரியாக மறைக்காமல் அதைப் போட்டால் ஆதார் எண், சாதி விவரம் எல்லாம் வெளியார் சர்வருக்குப் போய்விடும். நேரம் அளக்க அது தேவையே இல்லை. சராசரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு விண்ணப்பத்தின் தொடக்க, முடிவு நேரங்களையும் எக்செல் கோப்பாகக் கேளுங்கள். அதைத் தர மறுத்தால் புது வடிவமைப்புப் பேச்சையே எடுக்க வேண்டாம்.