மேட்டுப்பாளையம் போய் வாங்கினால் மிச்சமாகுமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் கணவரும், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் தேயிலை இருக்கிறது. கணவர் வேன் ஓட்டுகிறார். மளிகை, காய்கறிக்கு மாதம் 9,000 ரூபாய் என்று ஒதுக்குகிறேன். 12,000-க்குக் கீழே முடிந்ததே இல்லை. ஊர்க் கடையில் நோட்டுப் போட்டுக் கடனாகத்தான் வாங்குகிறோம். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி மொத்தமாக வாங்கி வந்தால் செலவு கட்டுக்குள் வருமா?

பதில்: மாதாமாதம் போனால் வராது. வருஷத்துக்கு ஒருமுறை போனால் பலன் உண்டு.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். போக வர பஸ், அங்கே ஒரு சாப்பாடு, மூட்டை ஏற்ற இறக்கக் கூலி, அன்றைக்குப் போன வேலை எல்லாம் செலவுதான். துவரம்பருப்பு கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 4 கிலோ வாங்கும் வீட்டுக்கு மிச்சம் 40 ரூபாய். அதற்கு மேல், வீட்டில் எண்ணெய் டின் நிறைந்திருந்தால் வடையும் பஜ்ஜியும் தானாகக் கூடும். மொத்தமாக வாங்கும் வீடுகளில் இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை என்று சொன்னது புளி, மிளகாய், மல்லிக்காக. மாசியிலிருந்து சித்திரைக்குள் புதுச் சரக்கு வந்துவிடும். கீழ்நாட்டு வெயிலில் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, வீட்டில் இன்னொரு முறை காயவைத்து, இறுக்கமான டப்பாவில் அடைத்துவிடுங்கள். மற்றதை நம் மலை ஈரம் விடாது. ஆடி மழை ஒரு பக்கம் என்றால், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் பலமாகப் பிடிக்கும். ரவை, வெல்லம், அப்பளம், நிலக்கடலை எதையும் மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். குறிப்பாக நிலக்கடலை: பூஞ்சை பிடித்துவிட்டால் கழுவினாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது, கொட்டத்தான் வேண்டும்.

சரி, அந்த 3,000 ரூபாய் எங்கே போகிறது? கடை நோட்டை வாங்கி வந்து, கடைசி மூன்று மாதத்தை ஒருநாள் உட்கார்ந்து பிரியுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா ஒரு பக்கம். பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ், வர்க்கி, திடீரென்று வாங்கிய பாக்கெட்டுகள் இன்னொரு பக்கம். முதல் பக்கம் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறியிருக்காது என்பது என் ஊகம். இரண்டாவது பக்கத்தில்தான் ஓட்டை இருக்கும். ‘கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வா’ என்று பிள்ளையை அனுப்பினால் அது தீப்பெட்டி மட்டும் வாங்கி வருமா? வர்க்கியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். குளிரில் சாயங்கால டீக்கு அது இல்லாமல் முடியாது. வாரத்துக்கு இவ்வளவு என்று அதற்கும் ஒரு தொகை எழுதி வையுங்கள், போதும்.

நோட்டு வியாபாரத்தை உடனே நிறுத்தச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். கடனிலிருந்து ரொக்கத்துக்கு மாறுகிற மாதத்தில் போன மாதப் பாக்கியும் இந்த மாதச் சாமானும் சேர்ந்து இரட்டைச் செலவாகும். உங்கள் கணக்கில் அது 20,000-க்கு மேல். அதனால்தான் பலரும் தொடங்கிவிட்டு அடுத்த மாதமே பழையபடி நோட்டை நீட்டுகிறார்கள். பருப்பு, எண்ணெய் இரண்டை மட்டும் முதலில் ரொக்கத்துக்கு மாற்றுங்கள். அடுத்த மாதம் இன்னும் இரண்டு. மீதியை, நல்ல இலை வந்து ஃபேக்டரியில் பணம் கூடுதலாகக் கிடைக்கிற மாதத்தில் ஒரேயடியாக அடைத்துவிடலாம். கடைக்காரரோடு முறித்துக்கொள்ள வேண்டாம். மார்கழி, தை பனியில் இலை கருகி வருமானம் படுத்துவிடும்போது அவர்தான் கைகொடுப்பார். ஆனால் நோட்டுக்கு 2,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பட்ஜெட்டையும் அந்தப் பனி மாத வருமானத்தை வைத்துத்தான் போட வேண்டும். பச்சைத் தேயிலை விலை மாதாமாதம் மாறுகிறது. நல்ல மாதத்தை நம்பி மளிகைக்குத் தொகை வைத்தால் தையில் இடிக்கும்.

ரேஷனை முழுதாக வாங்குகிறீர்களா? துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி இலவசம். ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் விட்டுப்போனாலே, மேட்டுப்பாளையம் பயணத்தில் மிச்சம் பிடிப்பதாக நினைப்பதைவிட அதிகம் போய்விடும். 2023-லிருந்து நீலகிரியில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக ராகியும் கொடுக்கிறார்கள். களிக்குப் பழகிய வீட்டுக்கு அது நல்ல சரக்கு. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது என்றால், மாதத்தின் நடுவில் வருகிற அந்தப் பணத்தை பின்பாதிக் காய்கறிக்கு என்று ஒதுக்கலாம். மாதம் திணறுவது அந்தப் பாதியில்தான்.

காய்கறியில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே விளைகிற கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. இங்குள்ள விலையும் அந்த மண்டியைப் பார்த்தே ஏறி இறங்குகிறது. ஆகவே மலையில் விளைந்தது என்பதாலேயே மலிவு என்று நினைக்காதீர்கள். கோத்தகிரி உழவர் சந்தையின் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பொடி உருளை, கோணல் கேரட் கிடைத்தால் விடாதீர்கள், சாம்பாரில் எல்லாம் ஒன்றுதான். முருங்கைக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் கீழிருந்து லாரியில் ஏறி வருபவை. தக்காளி விலை எகிறுகிற வாரத்தில் நூல்கோல் கூட்டு, பீன்ஸ் பொரியல், புளி சேர்த்த அவரைக் குழம்பு என்று திரும்பிவிட வேண்டியதுதான்.

பாக்கெட் வாங்கும்போது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதுமே மலிவு என்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, சிலிண்டர். நம் உயரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆவது அதனால்தான். கொண்டைக்கடலை, மொச்சையை இரவே ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். துவரம்பருப்புக்கு அரை மணி நேரம் ஊறல் போதும்.

கடைசியாக உங்கள் 9,000. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய். பால், முட்டை, ஞாயிற்றுக்கிழமைக் கோழி இதில் சேர்த்தியா என்று நீங்கள் எழுதவில்லை. சேர்த்தி என்றால் அது தொடக்கத்திலிருந்தே இறுக்கமான கணக்கு. அடுத்த மாதம் 10,500 என்று வையுங்கள். மூன்று மாதம் அதற்குள் நின்றால் அப்புறம் 10,000-க்கு இறங்கலாம்.