தாத்தாவின் குற்றம் பேரனுக்கா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஜெர்மானிய இளைஞரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தேன். பேச்சுவாக்கில் என் தம்பி, "உங்க தாத்தா எத்தனை யூதர்களைக் கொன்னார்?" என்று கேட்டுவிட்டான். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு தம்பியைக் கண்டித்தால், "அறுபது லட்சம் பேர் செத்திருக்காங்க, உனக்கு இவர் மனசுதான் பெரிசா? அந்த இனமே அப்படித்தான்" என்கிறான். அப்பாவோ, "எண்பது வருஷம் ஆச்சு, மறந்துட்டுப் போங்க" என்கிறார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரி, விருந்தாளியிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடுங்கள், அது போதும். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் இந்தப் படுகொலை கட்டாயப் பாடம்.

தம்பியின் கோபத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. அறுபது லட்சம் பேரை ஹிட்லரும் அவருடைய சகாக்கள் சிலருமாகக் கொன்றுவிட முடியாது. "எல்லாம் மேலிடத்து உத்தரவு, பாவம் ஜனங்களுக்கு என்ன தெரியும்" என்ற சமாதானம் போருக்குப் பின் ஜெர்மனியில் வெகுகாலம் செல்லுபடியானது. அது பொய்.

1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூவ் என்ற ஊரில் நடந்ததைப் பாருங்கள். வந்து இறங்கிய ஜெர்மனியின் 101-வது ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் சுமார் 500 பேர். பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்து நடுத்தர வயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள். ஊரிலுள்ள யூதர்களைச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அதைச் சொல்லும்போது தளபதி டிராப்புக்கே தொண்டை அடைத்தது. முடியாது என்று நினைக்கிற வயதில் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த இடத்திலேயே விலகியவர்கள் ஒரு டஜன் பேர்தான். அவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் சுமார் 1,500 பேர் பிணமானார்கள். போர் முடிந்ததும் டிராப்பைப் போலந்து அரசு தூக்கிலிட்டது. சுட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பி, வேலைக்குப் போய், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் செத்தார்கள்.

இதை "ஜெர்மானியர்கள் கொன்றார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். சுட்டவனுக்கு அதைவிட வசதியான மறைவிடம் கிடையாது. கோடிக்கணக்கானவர்களுக்கு நடுவே அவனும் ஒருவனாகிவிடுவான். எல்லோரும் குற்றவாளி என்றால் கூண்டில் யாரை ஏற்றுவது? விலகி நின்ற அந்த டஜன் பேரும் அதே வரியில் காணாமல் போகிறார்கள். நாஜிகளுக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் விநியோகித்ததற்காக 1943 பிப்ரவரியில், 21 வயதில், தலை வெட்டிக் கொல்லப்பட்ட சோஃபி ஷோலும் ஜெர்மானியர்தான். தம்பியின் கணக்கில் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பக்கத்தில் இடம்?

தம்பியின் கணக்கு புதிதுமல்ல. 1938 நவம்பரில் பாரிஸில் 17 வயது யூதப் பையன் ஒருவன் ஜெர்மன் தூதரக அதிகாரியைச் சுட்டான். அதைச் சாக்காக வைத்து நாஜிகள் ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்களைக் கொளுத்தினார்கள், கடைகளைச் சூறையாடினார்கள். அதோடு விடவில்லை. ஜெர்மனியிலிருந்த யூதர்கள் எல்லோரும் சேர்ந்து 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்றது அரசு. சுட்டவன் ஒருவன், கட்டியது ஒரு சமூகம். அன்றைய ஆட்சியாளர்களும் "அந்த இனமே அப்படித்தான்" என்றுதான் சொன்னார்கள்.

சரி, அப்படியானால் இன்றைய ஜெர்மானியருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லையா? உண்டு. அப்பா விட்ட வீட்டை எடுத்துக்கொள்கிற மகன் அவர் வைத்துப்போன கடனையும்தான் ஏற்க வேண்டும். அதற்காக அவனைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை. 1952-ல் இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு தர ஒப்பந்தம் போட்ட மேற்கு ஜெர்மனியின் சான்சலர் (பிரதமர்) கொன்ராட் அடினாவர், 1933-ல் நாஜிகளால் கொலோன் மேயர் பதவியிலிருந்து விரட்டப்பட்டவர். 1970 டிசம்பரில் வார்சாவில், கெட்டோ என்ற அடைப்புப் பகுதியில் யூதர்கள் நடத்திய எழுச்சியின் நினைவுச்சின்னத்தின் முன் மண்டியிட்டாரே சான்சலர் வில்லி பிராண்ட், அவர் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்கு ஓடியவர். இருவர் கையிலும் ரத்தம் இல்லை. ஆனாலும் தேசத்தின் பெயரால் பதவியில் உட்கார்ந்தவர்கள், அந்தத் தேசத்தின் கடனுக்கும் பதில் சொன்னார்கள். வேறு பல நாடுகளின் தலைவர்களுக்கு இது இன்னும் கைவரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே தம்பிக்குக் கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றிருந்தால், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று இன்றைக்கும் மறுக்கிறவர்களைத் தேடிப் போகட்டும். அது பாட்டன் செய்த பாவமல்ல, அவர்களே இப்போது செய்வது. ஜெர்மன் சட்டமும் அதைக் குற்றமாகத்தான் பார்க்கிறது.

இனி அப்பா. எண்பது வருஷக் கணக்கு அவருக்குப் பெரிதாகத் தெரிகிறது. மேற்கு ஜெர்மனி 1979-லேயே கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர இருந்த கால வரம்பை எடுத்துவிட்டது. 2022 டிசம்பரில் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. நாஜிகளின் ஷ்டுட்ஹோஃப் வதைமுகாம் தளபதியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்த இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னர், 10,500-க்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பானது. அப்போது அவருக்கு வயது 97. முகாமில் வேலை பார்த்த காலத்தில் 18, 19 வயதுதான் என்பதால் இளையோர் சட்டப்படி விசாரணை நடந்தது. இரண்டாண்டுத் தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த வயதில் அவர் சிறைக்குப் போவது சந்தேகம்தான் என்றாலும், அந்த முகாமிலிருந்து உயிர் தப்பிய முதியவர்கள் சாட்சி சொன்னார்கள். அப்பாவிடம் இந்த வழக்கைச் சொல்லி, அவர்களிடம் போய் "மறந்துட்டுப் போங்க" என்று சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.