காளான் மேடையில் சொன்னதெல்லாம் நிஜமா?

சென்ற இதழில் காளான் திருவிழாக்களில் நடக்கும் பேச்சரங்குகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, ‘அங்கே ஒருவர் இப்படிச் சொன்னாரே, நிஜமா?’ என்ற ரகம். அதனால் இந்த முறை முழுக்கக் காளான்தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் குழு முதல் முறையாகக் காளான் திருவிழா நடத்தப் போகிறது. ஒரு நாள், ஒரு கூடம், நாலைந்து பேச்சாளர்கள். என்ன தலைப்பு வைத்தால் கூட்டம் கலையாமல் உட்காரும்?

தலைப்பு கிடக்கட்டும், முதலில் வரிசையைப் பாருங்கள். சமையல் செய்முறையைக் காலையில் வைத்துவிட்டு, நச்சுக் காளானைப் பற்றிப் பேச வந்த மருத்துவரைச் சாயங்காலம் பாதி நாற்காலி காலியான பிறகு மேடையேற்றுவது அடிக்கடி நடக்கும் கூத்து. அதைத் தலைகீழாக்குங்கள். கூட்டம் நிறைந்திருக்கும்போது நச்சு, அப்புறம் அடையாளம் காண்பது, வளர்ப்பு, கடைசியாகச் சமையல். சாப்பாட்டு வாசனை வந்தால் ஆட்கள் எப்படியும் இருப்பார்கள், அவர்களைப் பிடித்து வைக்க யாரும் பேச வேண்டியதில்லை.

இன்னொன்று, படம் போட்டுக் காட்டுவதைக் குறைத்து மேசையில் நிஜக் காளானை வையுங்கள். அடியோடு தோண்டி எடுத்ததாக இருக்க வேண்டும், ஏனென்றால் கொடிய நச்சுக் காளான்கள் அடங்கிய அமானிட்டா என்ற இனத்தின் வகைகளில் பலவற்றுக்குத் தண்டின் அடியில் பை போன்ற ஓர் உறை மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேலே கிள்ளி எடுத்தால் அந்த முக்கிய அடையாளம் மண்ணிலேயே தங்கிவிடும். நச்சு வகைகளைத் தனித் தட்டில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி, மூடி வையுங்கள். பக்கத்திலேயே ஸ்போர் அச்சு எடுத்துக் காட்டலாம், ஸ்போர் என்பது காளானின் விதை மாதிரியான நுண்பொடி. தண்டை நீக்கிய குடையை, மடிப்புகள் கீழே பார்க்கும்படி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் வைத்து மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். சில மணி நேரத்தில் மடிப்புகளின் கோடுகள் அப்படியே பொடியாகக் காகிதத்தில் இறங்கியிருக்கும். வெள்ளைப் பொடி கறுப்புக் காகிதத்தில்தான் தெரியும், அதற்குத்தான் இரண்டு நிறம். மொட்டுக் காளானின் பொடி சாக்லேட் பழுப்பு, அமானிட்டாவின் பொடி வெள்ளை. புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து வயிற்றைப் புரட்டிப் போடுகிற குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸின் பொடி மங்கிய பச்சை. காலையில் குடையை வைத்துவிட்டு மாலையில் எல்லார் முன்னாலும் திறந்தால், சிறுவர்கள் மேசையை விட்டு நகர மாட்டார்கள்.

கேள்வி: பேச்சாளர் ஒருவர், காளானோடு வெள்ளிக் கரண்டியையோ பூண்டையோ போட்டு வேகவைத்தால் நச்சு இருந்தால் கறுக்கும் என்றார். பக்கத்தில் இருந்தவர், பூச்சி கடித்திருந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம் என்றார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் நம்பாதீர்கள். அந்தப் பேச்சாளரை அடுத்த வருடம் கூப்பிட வேண்டாம் என்று அமைப்பாளர்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால். காளான் நச்சுகளில் மிக மோசமான அமடாக்சினுக்கும் வெள்ளிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பூண்டின் நிறமும் நச்சைக் காட்டிக்கொடுக்காது. பூச்சி கதை இன்னும் மோசம். உலகத்தில் காளானால் சாகிறவர்களில் பெரும்பாலானோரைக் கொல்வது அமானிட்டா ஃபல்லாய்டீஸ் என்ற ஒரே வகைதான், அதை நத்தையும் தின்னும், சில ஈக்களின் புழுக்கள் அதற்குள்ளேயே வளரும். அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. கசந்தால் நச்சு, தோல் உரிந்தால் நல்லது, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் போதும் என்பதெல்லாமும் இதே ரகம். அமானிட்டா ஃபல்லாய்டீஸ் ருசியாகவே இருந்தது என்று அதைத் தின்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேகவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அதிலுள்ள அமடாக்சின் அழியாது.

இந்த நச்சின் போக்கை எந்தப் பேச்சிலும் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், ஒன்றுமே தெரியாது. அப்புறம் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு நாள் கழித்து எல்லாம் நின்று ஆள் தெம்பாகிவிட்ட மாதிரி இருக்கும், ‘சரி, ஏதோ அஜீரணம்’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். உள்ளே கல்லீரல் செல்களில் புரதம் தயாரிக்கத் தேவையான ஆர்.என்.ஏ. உற்பத்தி நின்றுபோய், மூன்றாவது நான்காவது நாளில் கல்லீரல் கைவிடும். சிலருக்கு மாற்றுக் கல்லீரல்தான் வழி. ஆகவே காட்டுக் காளான் சாப்பிட்டு வெகு நேரம் கழித்து வாந்தி வந்தால், நின்றுவிட்டது என்று ஆறுதல் அடையாமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தின்றதும் உடனே வாந்தி வந்தால் ஆபத்தில்லை என்றும் முடிவு கட்டாதீர்கள், ஒரே கூடையில் இரண்டு வகை கலந்திருக்கலாம்.

கேள்வி: ஒரு பேச்சு கேட்டேன், வழிகாட்டியோடு ஒரு நடையும் போய் வந்தேன். இனி நானே பறிக்கலாமா? செல்பேசிச் செயலியும் வைத்திருக்கிறேன்.

பறிக்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம், ஸ்போர் அச்சு எடுக்கலாம். சாப்பிடக் கூடாது.

செயலி படத்தை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். மண்ணுக்குள் இருக்கும் உறை அதற்குத் தெரியாது, வாசனை தெரியாது, வெட்டினால் நிறம் மாறுகிறதா என்பதும் தெரியாது. ‘என்ன இனமாக இருக்கலாம், எங்கே தேடிப் படிப்பது’ என்று தொடங்குவதற்கு நல்ல உதவி, சட்டியில் போடலாமா என்று கேட்பதற்கு இல்லை. நல்ல பேச்சாளர்கள் பொது விதி எதுவும் தர மாட்டார்கள், ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு அதையும் அதைப் போலவே ஏமாற்றும் வகையையும் அக்கம்பக்கம் வைத்துக் காட்டுவார்கள். உதாரணத்துக்கு, இளம் பந்துக்காளானும் இன்னும் விரியாத அமானிட்டா மொட்டும் வெளியே பார்க்க வெள்ளை உருண்டைகள்தான். மேலிருந்து கீழாக நடுவில் வெட்டினால் பந்துக்காளான் உள்ளே ஒரே வெள்ளைச் சதையாக இருக்கும், அமானிட்டாவிலோ குடையும் தண்டும் மடிப்புமாக ஒரு குட்டிக் காளானின் உருவமே வரைந்த மாதிரி தெரியும். இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் மறக்க மாட்டார். ‘ஒரு மணி நேரத்தில் ஐம்பது காளான்கள்’ என்று தலைப்புப் போட்ட பேச்சு என்றால் எனக்குப் பயம்தான்.

கேள்வி: மரங்கள் பூஞ்சை இழைகள் வழியாகப் பேசிக்கொள்ளும், தாய் மரம் தன் கன்றுகளுக்கு ஊட்டும் என்று ஒருவர் பேசினார். அரங்கமே உருகிப்போனது. உண்மையா?

பாதி உண்மை. மண்ணுக்குள் ஓடும் பூஞ்சை இழைகள் வேரோடு சேர்ந்து, மரத்துக்குத் தண்ணீரும் பாஸ்பரஸ் போன்ற சத்தும் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. இதில் சந்தேகமே இல்லை, 1885-லேயே ஜெர்மனியின் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இந்தக் கூட்டுறவுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்துவிட்டார். 1997-ல் கனடாவின் வன ஆய்வாளர் சூசன் சிமார்டும் கூட்டாளிகளும் பிர்ச் மரக்கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் மரக்கன்றுக்கும் இடையே கார்பன் போய்வருவதை நேச்சர் என்ற அறிவியல் இதழில் காட்டினார்கள். அங்கிருந்து கதை ஓட ஆரம்பித்தது. தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்கு நிஜக் காட்டில் எடுத்த சான்று இல்லை என்று, இதே துறையில் பல வருடம் உழைத்த ஜஸ்டின் கார்ஸ்ட் உள்ளிட்ட மூவர் 2023-ல் எழுதினார்கள். பேச்சாளர் 1997 வரைக்கும் சொல்லிவிட்டு 2023-ஐ விட்டுவிட்டால், கேள்வி நேரத்தில் கையைத் தூக்குங்கள். மரியாதையாகவே கேட்கலாம்.

கேள்வி: நச்சுக் காளானைக் குழந்தை தொட்டுவிட்டால்?

கையைக் கழுவச் சொல்லுங்கள், போதும். அமானிட்டா போன்றவற்றின் நச்சு உள்ளே போனால்தான் ஆபத்து, தோல் வழியாக ஏறாது. வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெயிலில் வைத்தால் காளானில் வைட்டமின் டி கூடும் என்றார்களே?

கூடும். காளானில் எர்கோஸ்டெரால் என்று ஒன்று இருக்கிறது, புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். பறித்த பிறகும் நடக்கும். நறுக்கி, மடிப்புகள் மேலே பார்க்கும்படி உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்தாலே நல்ல வித்தியாசம் வரும். மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்துப் பயனில்லை, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

கேள்வி: வளர்ப்புச் செய்முறையில் சிப்பிக் காளான் பை ஒன்று கட்டிக்கொண்டு வந்தேன். பத்து நாளில் வெள்ளைக்கு நடுவே பச்சைத் திட்டு. எறிந்துவிடவா?

அது டிரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை, காளான் வளர்ப்பவர்களின் பரம எதிரி. பச்சை என்றால் அதன் ஸ்போர் முற்றிவிட்டது என்று அர்த்தம், வீட்டுக்குள் பையைப் பிரிக்காதீர்கள், அப்படியே வெளியே கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள். வைக்கோல் ஈரம் அதிகமாக இருந்திருக்கும், அல்லது வெந்நீரில் சரியாக ஊறவில்லை. 65 முதல் 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரமாவது முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், எடுத்து வடித்த பிறகு ஒரு பிடி பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. கையைக் கழுவிவிட்டு வித்துப் போடுங்கள். பேச்சுகளில் பொதுவாக விட்டுவிடும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: சிப்பிக் காளான் ஏராளமாக ஸ்போர் கொட்டும், படுக்கையறையில் வளர்த்துத் தினமும் சுவாசித்தால் சிலருக்கு இருமலும் காய்ச்சலும் வரும். குடையின் ஓரம் விரிந்து தட்டையாகும் முன்பே அறுவடை செய்துவிடுங்கள், நிறையப் பைகள் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.