பனியாறு உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடாதா?

கேள்வி: மலைகளில் பனியாறுகள் வேகமாக உருகுவதாகச் சொல்கிறார்கள். உருகினால் ஆற்றில் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? பஞ்சம் வரும் என்று ஏன் பயப்படுகிறோம்? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: ஆரம்பத்தில் கூடத்தான் செய்யும். சிக்கலே அங்கேதான். குளிர்காலத்தில் சேரும் பனியைவிடக் கோடையில் உருகுவது அதிகமானால், வட்டியோடு முதலையும் எடுத்துச் செலவழிக்கிறோம் என்று அர்த்தம். சில பத்தாண்டுகள் ஆறு நிறையவே ஓடும். அப்புறம் ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். பெரு நாட்டில் சான்ட்டா ஆற்றின் பல கிளைகள் அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டன. பொலிவியாவில் 5,000 மீட்டருக்கும் மேலே இருந்த சகல்தாயா பனியாற்றில் ஒரு காலத்தில் பனிச்சறுக்கு விளையாடினார்கள். 2009-ல் அது முழுவதுமாக மறைந்துபோனது.

நீரியல் துறையில் இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிய கவலை வேறு. தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பது முக்கியம். லடாக்கில் வாற்கோதுமை விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். பனியாறு உயரத்தில் இருப்பதால் ஜூனில்தான் நன்றாக உருகும். இடையில் கைகொடுப்பது தாழ்வான சரிவுகளில் தங்கும் குளிர்காலப் பனி. அது குறைந்தால் விதைப்பே போயிற்று. அதனால்தான் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர், குளிர்காலத்து ஓடை நீரை நிழலான சரிவுகளுக்குத் திருப்பி, கல் தடுப்புகளுக்குப் பின்னால் உறைய வைத்தார். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தப் பனி முன்னதாக உருகி வயலுக்கு வந்துவிடும். அருமையான வேலை. ஆனால் சிந்துவுக்கும் கங்கைக்கும் அப்படிச் செய்ய முடியாது.

கங்கோத்ரி பனியாறு முடியும் கோமுகத்தில் நான் பார்த்தது வெள்ளைப் பனி அல்ல. மேலெல்லாம் கல்லும் மண்ணும் மூடி, அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அதிலிருந்து கற்கள் உருண்டு விழுந்தபடியே இருந்தன. கனமான கல் மூட்டம் பனியை வெயிலிலிருந்து ஓரளவு காக்கும். மெல்லிய தூசியும் புகைக்கரியும் படிந்தால் நேர்மாறு: வெப்பத்தை இழுத்து உருகலை விரைவுபடுத்தும். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்குப் பனிக்கு அந்தச் சக்தி கிடையாது. அடுப்பு, டீசல், செங்கல் சூளைப் புகையைக் குறைத்தால் இமயமலைக்குச் சீக்கிரமே பலன் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கரியமில வாயுவைக் குறைப்பது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு மாற்றே இல்லை.

கேள்வி: இதில் காடு எங்கே வருகிறது? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பாருங்கள். அங்கே பைன் மரப்பட்டைக்குள் முட்டையிடும் ஒரு சிறு வண்டு உண்டு. மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர்தான் அதன் புழுக்களைக் கொன்று வந்தது. குளிர்காலம் மிதமாகிப்போனதால், 1990-களின் கடைசியிலிருந்து அது கோடிக்கணக்கான மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. ஊசியிலைகள் செம்பழுப்பாகி உதிர்ந்துவிடும். நிழல் போன சரிவில் வசந்த வெயில் நேராகப் பனிமேல் விழுகிறது. பனி முன்கூட்டியே உருகி ஓடிவிடுகிறது.